டேப்பக்கா வண்டி பார்த்த கதை

மரத்துக்கு இடுப்பளவு எடுப்பது அவளுடைய வேலை. தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான். என்ன, மரம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏமாற்றாது. நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும், எண்ணைப் பார்க்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். இருபத்துமூன்று வருடமாக இதையே செய்ததில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. காட்டில் எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜர்கூட ஞாபகப் பிசகில் இரண்டு முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

காடு என்றால் கரடி, காட்டுப்பன்றி உள்ள காடு அல்ல. வரிசையாக நட்டு, வளர்த்து, வயது வந்ததும் வெட்டி விற்கிற மரக்காடு. அடிவாரத்தில் நாற்றங்கால், ஒரு ஷெட், இரண்டு அறை ஆபீஸ், பணியாளர் வீடுகள் ஒரு வரிசை. அங்கிருந்து மேலே மேலே சரிவு. அந்தச் சரிவில் ஏற ஒரு பழைய ஜீப் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதன் கியர் பாக்ஸ் உள்ளேயே நொறுங்கிப் போனது. அதற்குப் பிறகு நாற்று, வேலிக் கம்பம், மருந்து டேங்க், மெஷின் வாள் எல்லாமே தோளில் ஏறின.

ஒன்றரை வருடம் கழித்துத் தலைமை அலுவலகத்துக்கு இரக்கம் வந்தது. புது வண்டி வாங்கித் தருகிறோம், எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. இரண்டு வகை வண்டி ஒரு மாதம் பரீட்சைக்கு வரும். பார்த்து அறிக்கை எழுத ஒரு கமிட்டி. அதில் காட்டில் இறங்கி வேலை செய்கிற ஆள் ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று விதி. மேனேஜர் யோசித்தார். எதிர்த்துப் பேசாத ஆள் யார் என்று பார்த்தார். டேப்பக்காவைக் கூப்பிட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. கடைசியில ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"என்னன்னு கையெழுத்து சார்?"

"ரெண்டையும் பார்த்தேன், திருப்தின்னு."

"அப்போ பார்க்கணும்ல சார்?"

மேனேஜருக்கு அப்போது இது எதிர்ப்பாகப் படவில்லை.

வண்டிகள் இரண்டும் ஒரே லாரியில் வந்து இறங்கின. முதலாவது நாலு சக்கர பைக். மோட்டார் பைக் போலக் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார வேண்டும், ஹேண்டில்பார் பிடித்து ஓட்ட வேண்டும், முன்னாலும் பின்னாலும் சாமான் கட்ட இரும்புக் கம்பித் தட்டு. கல்லிலும் வேரிலும் துள்ளித் துள்ளிப் போனதைப் பார்த்துவிட்டு ஆட்கள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது காடு, பண்ணைகளுக்கென்றே செய்த சின்ன வேலை வண்டி. ஸ்டியரிங் உண்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, பெல்ட், பின்னால் சாமான் போடவும் கவிழ்த்துக் கொட்டவும் ஒரு தொட்டி. உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருக்க நாலு மூலையிலும் கனமான இரும்புக் குழாய் நட்டிருந்தது. கொசுவலை கட்ட நட்ட மாதிரி இருந்ததால் அதன் பெயர் கட்டில் ஆயிற்று. பெயர் வைத்தவர் வாள்காரர்.

வாள்காரர் என்பவர் டேப்பக்காவின் அக்கா புருஷன். முப்பது வருடமாக மெஷின் வாள் பிடிப்பவர். இரண்டு குடும்பமும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் குடியிருந்தன. அவர் தும்மினால் இவள் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். தவளையைப் பார்த்த நிமிஷமே அவருக்கு அதன் மேல் மனசு போய்விட்டது. ஐம்பத்தாறு வயதில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஷெட்டை மூன்று சுற்றுச் சுற்றிவந்து இறங்கியபோது அவர் முகத்தில் இருந்த களையைக் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இருந்தாலும் புருஷனுக்காகச் சுவர் ஓரமாக வந்து தங்கையிடம் பேசினாள். "அவரு ரொம்ப ஆசைப்படறாருடி. அந்தத் தாவுற வண்டிக்கே எழுதிடேன்."

"நான் எழுதறதில்லக்கா. அளக்கறேன். என்ன வருதோ அதுதான்."

"உங்கிட்ட ஒரு உதவி கேட்டா டேப்பை நீட்டுவியே."

உண்மையில் அளவு அக்கா பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. டேப்பக்கா ஒன்பது கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டாள். அகலம், திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், ஈர மண்ணில் சக்கரத் தடம் எத்தனை விரல் ஆழம், எவ்வளவு எடை ஏற்றலாம், எத்தனை பேர் போகலாம் என்று இப்படி. ஆறில் தவளை ஜெயித்தது. முக்கியமான காரணம் அகலம். காட்டின் மேல் பகுதிக்குப் போகிற வழி ஆராய்ச்சிப் பாத்தி வழியாகத்தான் போகும். சுற்றுவழி ஒன்று உண்டு, பழைய ஜீப் போனது அதில்தான், ஆனால் அது ஓடைக்குள் இறங்கி ஏறும்; வருடத்தில் பாதி நாள் முழங்கால் தண்ணீர், அந்த மாதமும் இருந்தது.

ஆராய்ச்சிப் பாத்தி என்பது ஆறடி இடைவெளியில் நட்டு, ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் அப்படியே விட்டுவைத்த நூறு மரம். கை வைக்காமல் விட்டால் மரம் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காக. டேப்பக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் முதல் முதலாக அளந்ததும் அந்த நூறைத்தான். வருடா வருடம் அளந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவாள். அங்கே யாரோ படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் அனுப்புவாள். வரிசைக்கு நடுவே போகிற பாதையில் பதினேழாம் எண் மரமும் பதினெட்டாம் எண் மரமும் எதிரும் புதிருமாக நின்று பெருத்துவிட்டன. நடுவில் நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கட்டிலின் அகலம் நூற்று ஐம்பத்தைந்து. தவளை நூற்றுப் பதினைந்து. மீதித் தொண்ணூற்றெட்டு மரமும் எந்த வண்டிக்கும் வழி விடும். இந்த இரண்டும்தான் சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கும் மாமன் மச்சான் மாதிரி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன.

மூன்றாவது வாரத்தில் மேல் பகுதிக்கு வேலி போடும் வேலை வந்தது. மேனேஜர் வேலைச்சீட்டு எழுதினார்: நாற்பத்துநாலு கம்பம், ஒரு ஆள், நாலு சக்கர பைக், காலை ஏழு முதல் பதினொன்று வரை. வாள்காரருக்கு வாய் காது வரை போனது.

"மாமா, பின்னாடி தட்டுல அறுபது கிலோதான் வைக்கலாம்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு" என்றாள் டேப்பக்கா.

"ஸ்டிக்கர் ஒட்டினவன் நம்ம மலையைப் பார்த்திருக்கானா?"

"அதனாலதான் சொல்றேன்."

"கொழுந்தியா, இதுக்கு முன்னாடி இதையெல்லாம் எதுல ஏத்தினோம்? என் தோள்ல. என் தோள்ல ஏதாவது ஸ்டிக்கர் இருந்துச்சா?"

முதல் நடையில் இருபத்திரண்டு கம்பம் ஏற்றி, போய், இறக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்து, டேப்பக்காவைப் பார்த்து ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார். இரண்டாவது நடைக்குக் கிளம்பினார்.

ஒன்பதே கால் மணி இருக்கும். டேப்பக்கா நாற்றங்காலில் கட்டிலின் தொட்டியில் நாற்றுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே கம்பம் நட்டுக்கொண்டிருந்த வேலிக்காரரிடமிருந்து போன் வந்தது.

"டேப்பக்கா, மாமா கவுந்துட்டாரு."

"எங்க?"

"பாத்திக்கு மேல. குறுக்கால திரும்பும்போது பைக் அப்படியே சாஞ்சு உருண்டுடுச்சு. காலு அடியில மாட்டி முறிஞ்சிடுச்சு."

"பேச்சு இருக்கா?"

"பேச்சுதான் இருக்கு. நிறுத்தவே மாட்டேங்கறாரு."

மேனேஜர் டவுனுக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். அடிவாரத் தார்ச் சாலை வரைதான் வர முடியும், அதற்கே ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மேலே இருந்து தூக்கிக்கொண்டு இறங்க ஆள் வேண்டும். எல்லா ஆட்களும் மறுபக்க மலையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலை ஓட்ட அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அதுவும் சமதரையில், பக்கத்தில் வண்டிக் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருக்க. அவள் நாற்றுத் தட்டுகளை இறக்கினாள். பெல்ட்டைப் போட்டாள். பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று கம்பெனிக்காரர் சொன்னது பொய் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள், ஏனென்றால் பெல்ட் சரியாக மாட்டவே இல்லை, ஆனால் வண்டி நகர்ந்துவிட்டது. நிறுத்தி, மறுபடி மாட்டி, ஏறினாள்.

பாத்தியில் பதினேழும் பதினெட்டும் நின்றன. பதின்மூன்று சென்டிமீட்டர் குறைவு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியின் மூக்கை இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அளவு மாறவில்லை.

வேலிக்காரர் மேலேயிருந்து ஓடி வந்தார். கையில், வேலி வேலைக்காக மேலே கொண்டுபோய் வைத்திருந்த வாள்காரருடைய மெஷின் வாள். அவருக்கும் வாள் பிடிக்க லைசென்ஸ் உண்டு.

"எதையக்கா வெட்டறது?"

இருபத்துமூன்று வருடத்தில் அவளை யாரும் எந்த மரத்தை வெட்டுவது என்று கேட்டதில்லை. பதினேழு அந்தப் பாத்தியிலேயே பருத்த மரம். அவள் சேர்ந்தபோது மணிக்கட்டு அளவு. ஒரு வறட்சி வருடத்தில் மற்ற தொண்ணூற்றொன்பது மரமும் ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் நின்றபோது அது மட்டும் நாலு மில்லிமீட்டர் வளர்ந்தது. தான் தப்பாக அளந்துவிட்டதாக நினைத்து மூன்று முறை திரும்பப் போய் அளந்திருக்கிறாள். அதற்கு முன்னால் பதினெட்டு ஒரு சோப்ளாங்கி. ஆனால் பதினெட்டை வெட்டினால் பாதையின் குறுக்கே விழும், அதை நறுக்கி நகர்த்த அரைமணி ஆகும். பதினேழு சரிவுப் பக்கம் சாய்ந்திருந்தது. தானாகப் போய் ஓரத்தில் விழும்.

"பதினேழு" என்றாள். "அடியோட அறுங்க. வண்டிக்கு அடியில இருபத்தெட்டு சென்டிமீட்டர்தான் இடம் இருக்கு. கட்டை பத்துக்கு மேல நிக்கக் கூடாது."

"பத்துன்னா?"

அவள் குனிந்து டேப்பை வைத்துக் காட்டினாள். காட்டிவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளிப் போய் நின்றாள்.

வாள் உறுமியது. நூறு மீட்டர் மேலே, புதருக்குப் பின்னாலிருந்து வாள்காரரின் குரல் கேட்டது. "யோவ், அமுக்காதய்யா! வாளை அது போக்குல விடு! சத்தத்தைக் கேட்டாலே தெரியுது, செயினைத் தீட்டாம வச்சிருக்க!"

"உங்க வாள்தான் மாமா!" என்று வேலிக்காரர் திருப்பிக் கத்தினார்.

"அப்போ பார்த்து விடு!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

மரம் விழுந்தது. டேப்பக்கா அடிக்கட்டையை அளந்தாள். ஒன்பதரை. கட்டில் அதன் மேல் ஏறி, ஒரு முறை முனகி, தாண்டிப் போனது.

வாள்காரர் பாதை ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். வலது முழங்காலுக்குக் கீழே கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. தவளை இருபதடி கீழே உருண்டுபோய், தன் நாலு சக்கரத்திலேயே ஒழுங்காக நின்று, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. டேப்பக்கா போய் அணைத்தாள்.

"வண்டி மேல தப்பில்ல" என்றார் வாள்காரர். முகமெல்லாம் வேர்த்து வெளுத்திருந்தது. "சரிவு மேலதான் தப்பு."

"சரி மாமா."

"நீ எழுதிடாத."

இரண்டு குச்சியை வைத்துத் தன் துப்பட்டாவால் காலைக் கட்டினாள். இருவரும் அவரைத் தூக்கித் தொட்டியில் கிடத்தினார்கள். ஆள் நீளம், தொட்டி குட்டை. பின்கதவைத் திறந்துவிட்டுக் காலை நீட்டிவைக்க வேண்டியிருந்தது. வேலிக்காரர் தயங்கினார். "தொட்டியில ஆளை ஏத்தக் கூடாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்காமே அக்கா."

"முப்பத்தோராம் பக்கம். நீங்களும் ஏறி அவரைப் பிடிச்சுக்கங்க."

நடக்கிற வேகத்தில் இறங்கினாள். ஒவ்வொரு வேருக்கும் வாள்காரர் ஒரு சத்தம் போட்டார். நடுவில் ஒரு இடத்தில் சத்தம் வரவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. "மாமா!" என்றாள், திரும்பாமல். பாதையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"உயிரோடதான் இருக்கேன். பாதையைப் பாரு" என்றது தொட்டி.

சாலைக்கு வந்தபோது ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அவரை ஏற்றி அனுப்பிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் நிமிர மறுத்தன. வேலிக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

காலில் இரண்டு எலும்பு முறிவு, ஆபரேஷன், ஸ்டீல் தகடு, ஐந்து மாதம் ஓய்வு. இதெல்லாம் மனிதன் தாங்குகிற விஷயம். தாங்க முடியாதது டேப்பக்கா எழுத வேண்டியிருந்த விபத்து அறிக்கைப் படிவத்தில் இருந்தது.

எவ்வளவு எடை ஏற்றப்பட்டது என்று அதில் ஒரு கேள்வி. டேப்பக்கா ஒரு கம்பத்தை நிறுத்தாள். ஐந்து கிலோ. இருபத்திரண்டு கம்பம், நூற்றுப்பத்து கிலோ. மேனேஜர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது தேவையாம்மா? ஏதோ சறுக்கிடுச்சுன்னு எழுதிட்டுப் போகலாமே. உங்க வீட்டு மனுஷன்தானே?"

"கேள்வி இருக்கே சார்."

"இருக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்னு இல்ல."

செய்தி எப்படியோ சுவரைத் தாண்டியது. அன்று சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "ஆளு கட்டோட படுத்திருக்காரு. தப்பு அவரு மேலன்னு எழுதிட்டியாமே? நாளைக்கு வேலையே இல்லன்னுட்டா நீ வந்து சோறு போடுவியா?"

"கிலோதான்க்கா எழுதினேன். தப்புன்னு எழுதல."

"கிலோன்னா தப்புதான்டி!"

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கம், பதினெட்டு நாள். அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரியும். டேப்பக்காவின் புருஷன் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். அவர் ஒரு நாள் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "ஏன் அவ்வளவு ஏத்தினாருன்னு ஒரு கேள்வி இல்லையே?" என்றார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லைதான்.

டேப்பக்கா ஒரு வெள்ளைத்தாள் எடுத்தாள். எழுதினாள். கம்பம் நாற்பத்துநாலு. ஸ்டிக்கர்படி ஒரு நடைக்குப் பன்னிரண்டு. ஆக நாலு நடை. ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம். ஆக ஆறு மணி நேரம். வேலைச்சீட்டில் கொடுத்த நேரம் நாலு மணி நேரம். கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்ட வேலைச்சீட்டின் நகலை இணைத்தாள். அதற்குக் கீழே இன்னொரு பாரா எழுதினாள்: "வண்டி அளவில் நாலு சக்கர பைக் ஒன்பதில் ஆறு கேள்வியில் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கரைப் படித்துச் சுமை ஏற்றுகிற ஆள் இந்தக் காட்டில் யாரும் இல்லை, நான் உட்பட. அடிபட்டால் அந்த வண்டியில் ஆளைக் கொண்டுவர முடியாது. எனவே தொட்டி வண்டி வேண்டும். பாதைக்காகப் பதினேழாம் எண் மரம் ஏற்கனவே வெட்டப்பட்டுவிட்டது. வெட்டச் சொன்னது நான்." கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் சொன்னபடி அதுதான் அவள் வேலை.

மேனேஜர் அந்தத் தாளைப் படித்தார். கிழிக்கவில்லை. அதை அவருக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். "எதிர்த்துப் பேசமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

"பேசலையே சார்."

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தன. முதலாவது விபத்து பற்றி: வேலைச்சீட்டில் கொடுத்த நேரம் போதாது, பணியாளர் மேல் குற்றமில்லை, முழுச் சம்பளத்தோடு ஓய்வு. இரண்டாவது ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து: பதினேழாம் எண் மரத்தின் இழப்பு வருந்தத்தக்கது, இருபத்துமூன்று வருடத் தொடர்ச்சி பாதிக்கப்பட்டுள்ளது, விளக்கம் அளிக்கவும். டேப்பக்கா இரண்டாவது கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ஆக, அங்கே யாரோ இத்தனை நாளும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஓய்வு நேரத்தில் பாத்திக்குப் போய்ப் பதினேழின் அடிக்கட்டை மேல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து நாலு வரியில் விளக்கம் எழுதினாள்.

முதல் கடிதத்தை அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க அவளை ரோஷம் விடவில்லை. வேலிக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏய், டீ போடறேன். உனக்கும் போடவா?"

"போடுக்கா."

"சர்க்கரை எத்தனை கிலோன்னு எழுதிக் குடு."

ஏழு மாதம் கழித்துத் தலைமை அலுவலகம் தொட்டி வண்டி ஒன்றும், எல்லையைச் சுற்றிப் பார்க்க நாலு சக்கர பைக் ஒன்றும் அனுப்பியது. பைக்கைச் சாமான் தட்டு இல்லாமல் அனுப்பச் சொல்லி டேப்பக்கா எழுதியிருந்தாள். தட்டோடுதான் வந்தது. அவள் ஸ்பானர் கேட்டு வாங்கி, எட்டு போல்ட்டையும் கழற்றி, தட்டு இரண்டையும் ஸ்டோரில் வைத்துப் பூட்டினாள். பைக்கை இப்போது வேலிக்காரர் ஓட்டுகிறார். ஓட்டிவிட்டு வந்தால் முதுகு வலிக்கிறது என்கிறார்.

வாள்காரர் லேசாகக் காலைத் தாங்கி நடக்கிறார். வாள் பிடிக்க டாக்டர் விடவில்லை. தொட்டி வண்டிக்கு டிரைவர் ஆகிவிட்டார். அவரைப் போலக் கறாரான டிரைவர் கிடையாது. பெல்ட் போடும் வரை சாவியைத் திருப்ப மாட்டார். ஒரு நாள் மழைக்கு முன்னால் ஆறு தட்டு நாற்றை அவசரமாக மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. டேப்பக்கா தட்டுகளைத் தூக்கித் தொட்டியில் வைத்தாள். ஏற்கனவே மருந்து டேங்க் இருந்தது, உர மூட்டையும் இருந்தது.

"இறக்கு" என்றார் வாள்காரர்.

"மாமா, ஆறு தட்டுதான். மழை வருது."

"எவ்வளவு எடைன்னு நிறுத்தியா?"

"இல்ல."

"அப்போ இறக்கு. ரெண்டு நடையாப் போலாம்."

அவள் நாற்றுக்குப் பதிலாக உர மூட்டையை இறக்கினாள். போகும் வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் நனைந்துகொண்டே, நடக்கிற வேகத்தில், மேலே போனார்கள்.